மஞ்சாடி, புளியங்கொட்டை, அடுத்தது என்ன?

எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். மூக்குல இல்ல, நாக்குலன்னு நான் திருத்துவேன். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடிச்சு மட்டாஞ்சேரியில பாலவாடி டீச்சர் ஆக்கிவிட்டாங்க. எண்பதுகள் தொடங்கின சமயம். எங்க அப்பா தென்காசிப் பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவர். நான் பிறந்தது, படிச்சது, கல்யாணம் பண்ணினது எல்லாம் இந்த ஊர்லதான். வீட்டுக்காரர் பஜார்ல சுமட்டுத்தொழிலாளி. அதாவது லாரியிலயும் வள்ளத்துலயும் வர்ற மூட்டையைத் தலையில ஏத்தி இறக்குறவர். வீட்டுல தமிழ் பேசுவோம், வாசலைத் தாண்டினா மலையாளம். சண்டை வந்தா ரெண்டும் கலந்து வரும்.

பாலவாடி நடந்தது ஒரு சுக்குப் பண்டகசாலைக்குப் பின்னால இருந்த ஓட்டுக் கட்டடத்துல. ஒரே ரூம், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். காயல்ல தண்ணி ஏறுற நாள்ல சந்துல கணுக்கால் வரைக்கும் நிக்கும். பிள்ளைங்களை ஒவ்வொண்ணா இடுப்புல தூக்கிட்டு வந்து உள்ள விடுவேன். மழை வாசனை, சுக்கு வாசனை, மூக்கு ஒழுகுற பிள்ளைங்க வாசனை எல்லாம் சேர்ந்து வரும். மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ளதுங்க. ஒண்ணு கொங்கணி பேசும், ஒண்ணு தமிழ் பேசும், ஒண்ணு பேசவே பேசாது, கடிக்கும். நான் இங்க எல்லாத்தையும் தமிழ்லயே எழுதுறேன். அதுங்க பேசினது முக்கால்வாசி மலையாளம்னு வச்சுக்கோங்க.

வேலையில சேர்ந்ததும் எறணாகுளத்துல ஒரு டிரெயினிங் குடுத்தாங்க. காலையில போட் பிடிச்சுப் போயி சாயங்காலம் திரும்புவேன். அங்க ஒரு அம்மா எங்களைத் தரையில உட்கார வச்சு, சிவப்பு முத்து, வெள்ளை முத்து, சிவப்பு முத்து, வெள்ளை முத்துன்னு அடுக்கி, "அடுத்தது என்ன?"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துல இருந்தவகிட்ட, "இதுக்கா நம்மள போட் ஏத்திக் கூட்டி வந்தாங்க?"ன்னு முணுமுணுத்தேன். அவங்க காதுல விழுந்துடுச்சு. கோவிச்சுக்கல. "பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் பின்னாடி வரும். முதல்ல அது ஒண்ணைப் பார்த்து, திரும்பத் திரும்ப வர்றது எதுன்னு கண்டுபிடிச்சு, அடுத்து வரப்போறதைத் தானே சொல்லணும். அது வந்துட்டா மத்ததெல்லாம் வரும்"னு சொன்னாங்க. பேட்டர்ன்னு அதுக்குப் பேர் சொன்னாங்க. நான் பிள்ளைங்ககிட்ட 'அடுத்தது என்ன விளையாட்டு'ன்னே சொன்னேன்.

முத்து வாங்கித் தர்றதா சொன்ன ஆபீஸ் கடைசி வரைக்கும் தரல. அட போங்கன்னு நானே சேர்த்தேன். சிவப்பா வழவழன்னு இருக்குமே மஞ்சாடிக்குரு, அது ஒரு டப்பா. புளியங்கொட்டை ஒரு டப்பா. சோடா மூடி, கக்கான்னு சொல்ற சிப்பி ஓடு, உடைஞ்ச கொட்டைப்பாக்கு. பாய் மேல வரிசையா வைப்பேன். மஞ்சாடி, புளியங்கொட்டை, மஞ்சாடி, புளியங்கொட்டை. "அடுத்தது என்ன?" முதல் வாரம் அடுத்தது வாய்க்குள்ளதான் போச்சு. ஒருத்தன் மூக்குக்குள்ள மஞ்சாடியைத் திணிச்சுக்கிட்டான். தும்ம வச்சு எடுக்குறதுக்குள்ள என் உயிர் போய் உயிர் வந்துச்சு.

அப்புறம் மெதுவா பிடிபட்டுச்சு. பொருளை விட்டுட்டு கைதட்டலுக்குப் போனோம். ரெண்டு தட்டு, ஒரு தொடைத்தட்டு. பிறகு பிள்ளைங்களையே வரிசை ஆக்கினேன். ஒருத்தன் நிக்கணும், அடுத்தவ உட்காரணும், அடுத்தவன் நிக்கணும். வெளியில போனாலும் அதே பேச்சு. ஜன்னல் கம்பி, பண்டகசாலைக் கதவுப் பலகை, கொடியில காயுற துணி, எதைப் பார்த்தாலும் "டீச்சர், அடுத்தது சொல்லட்டா?"ன்னு கத்தும். அம்மாக்காரிகளுக்கு இதெல்லாம் பிடிக்கல. "ஏ பி சி டி சொல்லித் தர மாட்டீங்களா? கல்லும் கொட்டையும் வீட்டுலயே கிடக்கே"ன்னு கேப்பாங்க. "வீட்டுல கிடக்குறது உங்க கண்ணுல படலையே, பிள்ளை கண்ணுலயாவது படட்டும்"னு நான் திருப்பிக் குடுப்பேன். அதனால எனக்குச் சிநேகிதம் கொஞ்சம் கம்மி.

ஒரு மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அந்தப் பொண்ணு வந்தா. நாலரை வயசு இருக்கும். அப்பாக்காரர் தமிழ்நாட்டுல இருந்து கொத்து வேலைக்குப் புதுசா வந்தவர். அம்மாவுக்கு மலையாளம் ஒரு வார்த்தை வராது, வயித்துல அடுத்த பிள்ளை வேற. எங்க சந்துல பலசரக்குக் கடை வச்சிருந்த சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுப் பின்கட்டுல குடி இருந்தாங்க.

புது பாஷை, புது முகம், அழுது ஊரைக் கூட்டுவான்னு நினைச்சேன். அழவே இல்ல. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பாயில இருக்குற வரிசையை மேல இருந்து பார்ப்பா. பரிட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கும், எனக்குச் சிரிப்பு வரும். பார்த்து முடிச்சதும் குனிஞ்சு ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைப்பா. தப்பவே தப்பாது. ரெண்டு மஞ்சாடி, ஒரு மூடி, ஒரு கக்கான்னு கொஞ்சம் சிக்கலா வச்சாலும் சரி. ஒருநாள் நான் பேச்சு மும்முரத்துல மாத்தி வச்சுட்டேன். அவ என் கையைப் பிடிச்சுத் தள்ளிட்டு, தானே சரி பண்ணினா. "அடி கள்ளி!"ன்னு தூக்கி முத்தம் குடுத்தேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. டீச்சர்னா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்னு சொல்றது மேடையில பேசுறதுக்கு.

அப்பதான் அந்த மூட்டைச் சமாச்சாரம் நடந்துச்சு. அந்தச் சொந்தக்காரர் கடைக்கு அரிசி மூட்டை வந்து கைவண்டியில நின்னுச்சு. இறக்க வேண்டிய சுமட்டுக்காரங்க சாயா குடிக்கப் போயிருக்காங்க. வானம் இருட்டிக்கிட்டு வந்து, தூத்தல் விழ ஆரம்பிச்சிருக்கு. அவ அப்பா வேலை இல்லாம வாசல்ல நின்னவர், ஐயோ அரிசி நனையுதேன்னு பதறி, ஒவ்வொரு மூட்டையாத் தோள்ல தூக்கி உள்ள போட்டுட்டார். காசுக்குச் செய்யல, யாரும் சொல்லியும் செய்யல. நல்லது பண்றோம்னு நினைச்சுச் செஞ்சார். சாயா குடிச்சுட்டு வந்தவங்க காலி வண்டியைப் பார்த்தாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, அதனால சொல்றேன். எங்க ஊர்ல மூட்டை நனையலாம், மூட்டையை மத்தவன் தொடக் கூடாது. அந்த வண்டியை இறக்குறது சங்கத்துல அட்டை வாங்கின நாலு பேரோட வேலை. இன்னிக்கு மழைக்குன்னு ஒருத்தன் தொட்டா, நாளைக்கு வெயிலுக்குன்னு கடைக்காரன் பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவான். சண்டை போட்டு வாங்கின உரிமை அது. என் வீட்டு அடுப்பும் அதுலதான் எரிஞ்சுது. அவங்க பக்கம் நியாயம் இல்லன்னு நான் அன்னிக்கும் சொல்லல, இன்னிக்கும் சொல்ல மாட்டேன்.

யாரும் அவரை அடிக்கல, திட்டக்கூட இல்ல. பேச்சை நிறுத்தினாங்க, அதான். சங்கத்துக் கன்வீனர்தான் எங்க சந்துல மூத்த ஆள். அவர் அந்த மனுசனைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவார். அவர் திருப்பினா மத்தவங்களும் திருப்புவாங்க. பொம்பளைங்க இன்னும் ஒருபடி மேல. தெருக் குழாயில அந்தத் தமிழ்க்காரி குடத்தோட வந்தா, முன்னால நின்னவ பின்னால நின்னவ எல்லாரும் தங்கள் குடத்தை ஒரு முழம் தள்ளி வைப்பாங்க. வயித்துப் பிள்ளைக்காரி நடுவுல தனியா நிப்பா. அவளுக்குப் பாஷையும் தெரியாது, காரணமும் முழுசாத் தெரியாது.

பாலவாடியில மத்தியானம் உப்புமாவு. கோதுமை ரவை உப்புமா. பிள்ளைங்க தட்டை வச்சுக்கிட்டு வரிசையா உட்காருவாங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு, ஒரு பையன், ஒரு பொண்ணுன்னு அவங்களே ஒரு வரிசை உண்டாக்கி வச்சிருந்தாங்க. அந்த வாரம் நான் கரண்டியோட திரும்பிப் பார்த்தா, அவளுக்கு இந்தப் பக்கம் இருந்த பையன் எந்திரிச்சு வேற இடத்துக்குப் போயிட்டான். அந்தப் பக்கத்துப் பையனும் நகர்ந்துட்டான். "ஏன்டா?"ன்னேன். "சும்மா"ன்னான். பிடிச்சு உட்கார வச்சேன். உப்புமா போட்டுட்டு வர்றதுக்குள்ள மறுபடியும் நகர்ந்திருந்தாங்க. மறுநாளும் அப்படியே. கத்தினேன், காதைத் திருகினேன். "சும்மா"வைத் தவிர வேற பதில் இல்ல.

அதுக்கு அடுத்த நாளோ என்னவோ, நான் தட்டைக் கழுவிக் குடுத்ததும் யாரும் உட்காருறதுக்கு முன்னாடியே அவ தன் தட்டை எடுத்துக்கிட்டுப் போயி கதவோரத்துல தனியா உட்கார்ந்தா. "ஏன்டி தங்கம் அங்க போனே? இங்க வா"ன்னேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னா, "அடுத்தது அதான் டீச்சர்."

அழுதுகிட்டுச் சொல்லல. விளையாட்டுல சரியான கொட்டையை எடுத்து வைக்கிறப்ப எப்படிச் சொல்லுவாளோ, அதே குரல்ல சொன்னா. சரியாச் சொல்லிட்டேனான்னு என் முகத்தையும் பார்த்தா. கரண்டியைப் போட்டுட்டு அவ பக்கத்துல போயி உட்கார்ந்தேன். "டீச்சர் அங்க போங்க. இங்க யாரும் வர மாட்டாங்க"ன்னு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. உப்புமாவைத் தொடவே இல்ல.

அன்னிக்கு வீட்டுல நான் ஆடின ஆட்டம் இருக்கே! "உங்க சங்கம் சங்கம்னு ஒரு பச்சைப் பிள்ளை சோத்துல மண்ணைப் போடுறீங்களே, நல்லா இருப்பீங்களா?"ன்னு கேட்டேன். "நீ உப்புமா கிண்டுறதோட நிறுத்திக்கோ, பஜார் விசயத்துல மூக்கை நுழைக்காதே"ன்னார் வீட்டுக்காரர். "கிண்டுற உப்புமாவை அவ தின்ன மாட்டேங்குறாளேயா!"ன்னு கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். அவரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனார், அதையும் சொல்லணும்.

விடுவேனா? கன்வீனர் வீட்டு வாசல்லயே போயி நின்னேன். அவர் கட்டில்ல இருந்து எழுந்து, "இரிக்கு டீச்சறே"ன்னு மரியாதையா நாற்காலி போட்டார். நான் கொட்ட வேண்டியதெல்லாம் கொட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "என் மகளும் உங்ககிட்டதான் வர்றா. அவ தலையில கை வச்சுச் சொல்றேன், பிள்ளைங்ககிட்ட நாங்க ஒரு வார்த்தை சொல்லல. பெரியவங்க விசயம் பெரியவங்களோட. குட்டிகள்கிட்ட யாராவது இதைப் பேசுவாங்களா?"ன்னார். பொய் சொல்ற ஆள் இல்ல அவர். அவர் பெண்டாட்டி கதவுக்குப் பின்னால நின்னு, "அல்லாவாணே, ஒண்ணும் சொல்லல"ன்னா.

திரும்பி நடந்து வர்றப்ப தெருக் குழாயில கூட்டம். குடங்கள் தள்ளித் தள்ளி வச்சிருக்கு. பொம்பளைங்க இடுப்புல என் பாலவாடிப் பிள்ளைங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்குதுங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. யாரும் சொல்ல வேண்டியது இல்லையே. அவ அம்மா வந்தா குடம் நகருது. மறுபடி வந்தா மறுபடி நகருது. அவ வந்தா அடுத்தது என்ன? நகரணும். பார்த்துப் புரிஞ்சுக்கோ, திரும்ப வர்றதைக் கண்டுபிடி, அடுத்ததை நீயே செய்னு நான்தான் தினமும் உட்கார வச்சு பழக்கிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் நல்லாப் படிச்சிருந்தாங்க. எல்லாரையும் விட நல்லாப் படிச்சவ கதவோரத்துல உட்கார்ந்திருந்தா.

அந்த வாரக் கடைசியில அவ அம்மா வந்தா. பிள்ளையை வெளிய விட்டுட்டு, என்கிட்ட மெதுவாப் பேசினா. "டீச்சரக்கா, இவ வீட்டுலயும் சாப்பிட மாட்டேங்குறா. தட்டை எடுத்துக்கிட்டுப் போயி மூலையில உட்கார்றா. கூப்பிட்டா வரலை. அவுக ஊருக்கே போயிடலாங்காக. அங்க வேலை இல்லைன்னுதான் இங்க வந்தோம். வயித்துல இது வேற இருக்கு, எங்க போக?" கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பிள்ளை இப்படியே இருந்தா இந்த மாசத்தோட கிளம்பிருவோம்க்கா"ன்னா. "அம்மாமார் கூட்டம் வரைக்கும் பொறுத்துக்கோம்மா"ன்னேன். மாசா மாசம் பிள்ளைங்க எடை பார்க்க எல்லா அம்மாக்களும் வரணும், அதுக்குத்தான் அந்தப் பேர். அன்னிக்கு எல்லாரையும் நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கப் போறேன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். அடுப்பு முன்னாடி நின்னு ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கூட்டத்தன்னைக்கு நல்ல வெயில். அம்மாக்கள் சுவரோரமாப் பாயில உட்கார்ந்தாங்க. பாதிப்பேர் வெள்ளை முண்டும் குப்பாயச் சட்டையும் தலையில தட்டத்துணியும் போட்ட உம்மாமார், அதாவது முஸ்லிம் அம்மாக்கள். பாதிப்பேர் கலர்ச் சேலை. கலந்து கலந்து உட்கார்ந்திருந்தாங்க. தமிழ்க்காரி மாம்பழ மஞ்சள்ல ஒரு நூல் சேலை கட்டிக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து, நடுவுல கிடைச்ச இடத்துல உட்கார்ந்தா. ரெண்டு பக்கமும் ஆளுங்க இயல்பா நகர்ற மாதிரி நகர்ந்தாங்க. பாய் அங்க மட்டும் வெறுமையாத் தெரிஞ்சுது. நான் பேச்சைத் தொடங்குறதுக்குத் தொண்டையைக் கனைச்சேன்.

கன்வீனர் மகள்னு சொன்னேனே, அது ஒரு வாயாடி. அது ரூம் நடுவுல நின்னு வரிசையைக் கொஞ்ச நேரமாப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. திடீர்னு விரலை நீட்டி, "வெள்ளை, கலர், வெள்ளை, கலர்"னு சத்தமாச் சொல்லிக்கிட்டே போச்சு. சேலையை எண்ணுது! நான் சொல்லிக் குடுக்கல, சத்தியமா சொல்றேன். மஞ்சள் சேலைக்குப் பக்கத்துல காலியாக் கிடந்த பாய்கிட்ட வந்ததும் நின்னுச்சு. "தெற்று!"ன்னு கத்துச்சு. தப்புன்னு அர்த்தம். "இங்க வெள்ளை வரணும். உம்மா, நீ ஏன் அங்க இருக்கே? எந்திரி! அடுத்தது நீ!"

அவ உம்மா, கன்வீனர் பெண்டாட்டி, அந்தக் கோடியில உட்கார்ந்திருந்தா. "போ மோளே, சும்மா இரு"ன்னா. இது விடுமா? போயி உம்மாவோட முண்டு நுனியைப் பிடிச்சு இழுக்குது. மத்த பிள்ளைங்களுக்கு விளையாட்டு பிடிச்சுப் போச்சு. "அடுத்தது வெள்ளை! அடுத்தது வெள்ளை!"ன்னு எல்லாம் சேர்ந்து கை தட்ட ஆரம்பிச்சுதுங்க. ரெண்டு தட்டு, ஒரு தொடைத்தட்டு. கொங்கணிக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. ஒத்திகை பார்த்த என் பேச்சு எங்க போச்சுன்னே தெரியல, நான் வாயைப் பிளந்துகிட்டு நிக்குறேன்.

கன்வீனர் பெண்டாட்டி சுத்திமுத்தும் பார்த்தா. மாட்டேன்னு சொல்லணும்னா காரணம் சொல்லணும். எல்லார் முன்னாலயும், தன் பிள்ளை முன்னால, என்ன காரணம் சொல்லுவா? பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு அல்லா பேர்ல சொன்னவ ஆச்சே. எழுந்தா. தலையில தட்டத்தை இழுத்து விட்டுக்கிட்டு வந்து மஞ்சள் சேலைக்குப் பக்கத்துல உட்கார்ந்தா. தமிழ்க்காரி பதறிப்போயி முந்தானையைச் சுருட்டி இடம் விட்டா. கன்வீனர் பெண்டாட்டி அவ வயித்தைப் பார்த்தா. பார்த்துட்டு, "எத்தனாம் மாசம்?"னு விரலை மடக்கிக் கேட்டா. அவ ஏழு விரல் காட்டினா.

நான் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்து உப்புமா போட ஆரம்பிச்சேன். கூட்டத்து நாள்ல அம்மாக்களுக்கும் ஒரு கை உண்டு. என் செல்லம், அந்தத் தமிழ்க்காரி மக, வழக்கம் போலத் தட்டோட கதவோரத்துக்குப் போயிட்டா. உட்காரல. நின்னுகிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, அம்மாக்கள் வரிசையை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தா. மறுபடி முதல்ல இருந்து பார்த்தா. நான் கூப்பிடல. அவ தட்டோட நேரா நடந்து வந்து, அவ அம்மாவுக்கும் கன்வீனர் பெண்டாட்டிக்கும் நடுவுல இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, தட்டை நீட்டினா.

போட்டதைத் தின்னு முடிச்சுட்டு மறுபடி நீட்டினா. பாத்திரத்துல ஒண்ணும் இல்ல. கன்வீனர் பெண்டாட்டி தன் தட்டுல இருந்ததை அப்படியே வழிச்சு அவ தட்டுல போட்டு, "தின்னோ மோளே"ன்னா. அவ தின்னா. நான் அந்தக் காலிப் பாத்திரத்தைக் குனிஞ்சு சுரண்டிக்கிட்டே அழுதேன்.